ஒரே திரையில் நூறு ரிக்: மைனிங்கைத் தூரத்தில் இருந்து நடத்துவது

திரையில் ஒரு வரி: 30.2, 30.1, 30.3, 0.00, 30.2, 29.9.

கணக்குப் போட்டுப் போட்டுக் கிரிப்டோ நாணயம் ஈட்டும் வேலைதான் மைனிங், அதற்கென்றே கட்டிய கம்ப்யூட்டர்தான் ரிக். ஆறு கிராபிக்ஸ் கார்டு மாட்டிய ஒரு மைனிங் ரிக்கின் நிலவரம் இது. ஒவ்வொரு எண்ணும் ஒரு கார்டு நொடிக்கு எத்தனை மெகாஹேஷ் (ஒரு மெகாஹேஷ் என்றால் பத்து லட்சம் கணக்கு முயற்சி) போடுகிறது என்பதைச் சொல்கிறது. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங் நடந்த காலத்தில் ஆர்எக்ஸ் 580 கார்டு கொடுத்த வேகம் ஏறக்குறைய இதுதான். நாலாவது கட்டத்தில் பூஜ்ஜியம், அதுவும் சிவப்பில். ரிக் எங்கோ ஒரு பூட்டிய அறையில் இருக்கிறது. பார்ப்பவர் வேறு ஊரில், கையில் செல்போனோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார். கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் ரைசர் கேபிள் ஆட்டம் கண்டிருக்கலாம், ஓவர்கிளாக் (இயல்பை விடக் கூட்டிவைத்த வேகம்) கொஞ்சம் கூடிப்போய்க் கார்டு திணறியிருக்கலாம், ஃபேன் நின்றிருக்கலாம். எதுவானாலும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: ரீபூட். பொத்தானைத் தொடுகிறார். வரி முழுதும் சாம்பல் நிறமாகிறது. இரண்டு நிமிடம் கழித்து ஆறு கட்டத்திலும் முப்பது முப்பதாக எண்கள் வந்து உட்காருகின்றன. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்.

பார்க்க எளிதாக இருக்கிறது. ஆனால் அந்தப் பொத்தானுக்கும் அந்தக் கார்டுக்கும் நடுவில் என்னென்ன இருக்கின்றன, அந்த வழியில் வேறு யாரெல்லாம் கை வைக்க முடியும் என்று பார்த்தால் விஷயம் வேறு மாதிரி ஆகிவிடும்.

முதலில், இந்த இயந்திரங்களை ஏன் தூரத்தில் இருந்து நடத்த வேண்டியிருக்கிறது? மைனிங் இயந்திரத்துக்குத் திரை வேண்டாம், கீபோர்டு வேண்டாம். கரன்ட், குளிர்ந்த காற்று, மெல்லிய ஒரு இன்டர்நெட் இணைப்பு, இவ்வளவு போதும். பிட்காயினில் அது செய்யும் வேலை, ஒரே கணக்கை எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு, நிபந்தனைக்குப் பொருந்தும் விடை கிடைக்கும்வரை முட்டிக்கொண்டே இருப்பது. வேலை முழுதும் பெட்டிக்குள் நடப்பதால் வெளியே போகும் தரவு மிகக் குறைவு. செல்போன் டாங்கிளில்கூட ஓட்டலாம். மின்சாரம் மட்டும் கொள்ளை கொள்ளையாக வேண்டும். 2016இல் வந்த ஆன்ட்மைனர் எஸ்9 என்ற பெட்டி நொடிக்கு 14 டெராஹேஷ் (14 லட்சம் கோடி முயற்சி) போட ஏறக்குறைய 1,370 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 33 யூனிட். அதன் இரண்டு ஃபேன்களும் சேர்ந்து போடும் சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேச முடியாது.

ஆக, கரன்ட் எங்கே மலிவோ, காற்று எங்கே குளிர்ச்சியோ, அங்கே பெட்டி போகும். முதலாளி போக மாட்டார். சீனாவின் சிச்சுவானில் மழைக்காலத்து நீர்மின்சாரம், ஐஸ்லாந்தில் புவிவெப்ப மின்சாரம், கஜகஸ்தானில் நிலக்கரி மின்சாரம், டெக்சாஸில் காற்றாலை என்று இந்தத் தொழில் அலைந்ததெல்லாம் அதற்காகத்தான். ஆள் இல்லாத கூடங்களில் என்ன நடக்கும் என்பதற்கு ஐஸ்லாந்தே உதாரணம். 2017 டிசம்பரிலும் 2018 ஜனவரியிலும் அங்கே சுமார் 600 கம்ப்யூட்டர்கள் களவு போயின. பிடிபட்டவர்களில் ஒருவர் தப்பி ஸ்வீடனுக்குப் பறந்த விமானத்தில், நாட்டின் பிரதமரும் உட்கார்ந்திருந்தார்.

தூரத்தில் இருந்து கவனிக்கும் பழக்கத்துக்குப் பெரிதும் வழி போட்டது ஆஸ்திரேலியாவில் எழுதப்பட்ட ஒரு மென்பொருள். கான் கொலிவாஸ் தொழிலால் மயக்க மருந்து டாக்டர். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் கைவைத்துப் பெயர் எடுத்தவர். ஜெஃப் கார்சிக் எழுதிய சிபியு மைனரை எடுத்து வளர்த்து, 2011இல் அவர் வெளியிட்டதுதான் சிஜிமைனர். மைனிங் செய்வதோடு அது இன்னொரு வேலையும் செய்தது. இயந்திரத்தில் 4028 என்ற எண்ணுள்ள போர்ட்டை, அதாவது நெட்வொர்க் வாசலை, திறந்துவைத்து, வந்து கேட்பவருக்குப் பதில் சொல்லும். 'சம்மரி' என்று ஒரு சொல் அனுப்பினால், எத்தனை மணி நேரமாக ஓடுகிறேன், என்ன வேகம், பூல் (பல மைனர்கள் சேர்ந்து உழைத்து வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு) எத்தனை விடைகளை ஏற்றது, எத்தனையை நிராகரித்தது என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கும். 'டெவ்ஸ்' என்றால் கார்டு கார்டாகச் சூடும் ஃபேன் வேகமும் வரும். பின்னால் வந்த பெரிய மைனிங் பெட்டிகள் பலவற்றுக்குள்ளும் சிஜிமைனரோ அதன் வாரிசுகளோதான் இருந்தன. அதனால் அந்த 4028 இந்தத் தொழிலின் பொதுமொழி மாதிரி ஆகிவிட்டது. ஆசம் மைனர் போன்ற கட்டுப்பாட்டுப் பலகைகள் இப்படிப்பட்ட போர்ட்டுகளைச் சில நொடிக்கு ஒரு தடவை தட்டி, கிடைத்த பதில்களை ஒரே அட்டவணையில் அடுக்கிக் காட்டுகின்றன. அடிப்படையில் வித்தை அவ்வளவுதான்.

அந்த போர்ட் பதில் மட்டும் சொல்வதில்லை, கட்டளையும் கேட்கும். புதிய பூலைச் சேர், அந்தப் பூலுக்கு மாறு, நிறுத்து, திரும்பத் தொடங்கு. கொலிவாஸின் மென்பொருளில் இந்த இரண்டாம் வகைக் கட்டளைகள் இயல்பாகப் பூட்டியே இருக்கும். எந்தெந்த ஐபி முகவரிக்கு எழுதும் உரிமை என்று பயனரே குறிப்பாகச் சொன்னால்தான் திறக்கும். பின்னால் வந்த பல மென்பொருள்கள் இந்த ஒழுக்கத்தை விட்டுவிட்டன. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

பலகை இயந்திரத்தோடு பேச இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பலகையே ஒவ்வொரு பெட்டியாகப் போய்க் கேட்பது. மேஸ்திரி சைட்டைச் சுற்றி வருவது போல. எல்லாம் ஒரே கட்டடத்தில், ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் இது சரி. ஆனால் ரிக் ஒன்று வீட்டில், இரண்டு மச்சான் கடையின் பின்னறையில், இன்னொன்று வேறு ஊரில் என்றால், ஒவ்வொரு இடத்திலும் ரவுட்டர் வெளியில் இருந்து வருகிற யாரையும் உள்ளே விடாது. போர்ட்டைத் திறந்துவைத்தால் பலகையோடு சேர்த்து ஊரே உள்ளே வரும்.

இரண்டாவது வழி, இயந்திரமே பலகையைத் தேடி வருவது. மலையகத் தோட்டங்களில் காலையில் பிரட்டுக்களத்துக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டு, இன்றைக்கு எந்த மலை என்று கேட்டுக்கொண்டு போவார்களே, அப்படி. மைனிங்குக்கென்றே உள்ள இயங்குதளமான ஹைவ் ஓஎஸ் இந்த வழியில்தான் இயங்குகிறது. ரிக்கில் விண்டோஸுக்குப் பதில் யூஎஸ்பி குச்சியிலோ சின்ன எஸ்எஸ்டியிலோ லினக்ஸ் ஒன்று ஓடும். அதில் உள்ள ஒரு சிறு ஏஜென்ட் சில நொடிக்கு ஒரு தடவை வெளியே உள்ள சர்வரைக் கூப்பிட்டு நிலவரத்தை ஒப்படைக்கும். எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்கும். நீங்கள் பஸ்ஸில் இருந்து தொட்ட ரீபூட் பொத்தான் நேராக ரிக்குக்குப் போகவில்லை. சர்வரில் ஒரு சீட்டாகக் காத்திருந்து, ரிக் அடுத்த தடவை கூப்பிட்டபோது அதன் கையில் கொடுக்கப்பட்டது. ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை, உள்ளே இருந்து வெளியே போகும் அழைப்பைச் சாதாரண வீட்டு ரவுட்டர்கள் தடுப்பதில்லை. வசதிதான். ஆனால் உங்கள் எல்லா ரிக்குகளின் சாவியும் இப்போது ஒரு வெளியார் சர்வரில் இருக்கிறது. அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறதோ, உங்கள் ரிக்குகள் மொத்தமும் அவர்களுடையவை.

ஹைவ் ஓஎஸ்ஸில் எனக்குப் பிடித்த சொல் ஒன்று, 'ஃபிளைட் ஷீட்'. விமானம் புறப்படும் முன் விமானி கையில் இருக்கும் தாள் மாதிரி, எந்த நாணயம், எந்த வாலட் (நாணயம் வந்து சேரும் கணக்கு), எந்தப் பூல், எந்த மைனர் மென்பொருள் என்ற நான்கையும் ஒரே சீட்டில் எழுதிவைப்பது. அந்தச் சீட்டை ஒரு ரிக்கில் மாட்டினாலும் நூறு ரிக்கில் மாட்டினாலும் ஒரே சொடுக்குதான். அந்த நான்கில் உரிமையாளருக்கு உயிர் வாலட் முகவரி. திருடனுக்கும் அதுவேதான்.

பலகை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், ரிக் முழுதாக உறைந்துவிட்டால் ஏஜென்டும் சேர்ந்தே உறைந்துவிடும். கட்டளைச் சீட்டு சர்வரில் கிடக்கும், வாங்க ஆள் வராது. இதற்குத்தான் வாட்ச்டாக். மதர்போர்டின் ரீசெட் பின்னில் மாட்டும், கட்டைவிரல் அளவு யூஎஸ்பி துண்டு அது. வீட்டு நாய் ஆளைக் கண்டால் குரைக்கும்; இந்த நாய் ஆளைக் காணாவிட்டால் கடிக்கும். ரிக்கில் ஓடும் ஒரு நிரல் அதைச் சில நொடிக்கு ஒரு தடவை தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தட்டல் நின்றால், ரிக் செத்துவிட்டது என்று முடிவு செய்து ரீசெட் பின்னை ஒட்டவைத்துவிடும். அதுவும் இல்லாதவர்கள் ஸ்மார்ட் பிளக் வைத்துக் கரன்ட்டையே வெட்டிக் கொடுப்பார்கள். அதற்கு பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில்) ஒரு சின்ன அமைப்பை மாற்றியிருக்க வேண்டும்: கரன்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக ஆன் ஆக வேண்டும் என்பது. இதை மறந்துவிட்டு ரிக்கைப் பூட்டி வைத்துவிட்டு வந்தவர்கள், ஒரு கரன்ட் கட்டுக்குப் பிறகு, ஒரு பொத்தானை அழுத்துவதற்காக மட்டும் அவ்வளவு தூரம் திரும்பிப் போக வேண்டியதுதான்.

தானியங்கி ரீபூட்டில் ஒரு விபரீதமும் இருக்கிறது. ஹேஷ்ரேட் (ஹேஷ் போடும் வேகம்) இவ்வளவுக்குக் கீழே போனால் ரீபூட் செய் என்று விதி எழுதிவைக்கிறோம். ஒரு நாள் பூல் சர்வரே படுத்துவிடுகிறது. ரிக்குகளில் கோளாறே இல்லை, ஆனால் வேலை வராததால் எண் பூஜ்ஜியம். எல்லா ரிக்குகளும் விடிய விடிய ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கும். அதனால் அனுபவசாலிகள் விதியிலேயே ஒரு வரம்பு வைப்பார்கள்: இத்தனை தடவை முயன்றும் சரியாகாவிட்டால் சும்மா இரு, எனக்கு டெலிகிராமில் செய்தி மட்டும் அனுப்பு. மாற்றுப் பூல் முகவரி ஒன்றையும் முன்கூட்டியே எழுதிவைப்பார்கள்.

பலகை காட்டும் எண்ணை மட்டும் நம்பிக் கார்டைச் சாகடித்தவர்களும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகள் வந்த புதிதில் லினக்ஸ் பலகைகள் காட்டியது நடுச் சிப்பின் சூட்டை மட்டும்தான்: 55, 60 டிகிரி, பச்சை. ஆனால் எத்தீரியம் கணக்கு நடுச் சிப்பை விட நினைவகத்தைத்தான் பிழிந்தெடுக்கும். மெமரி சிப்புகள் 110 டிகிரியைத் தொட்டு, தங்களைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தன. அந்தச் சூட்டைப் படிக்க அப்போது லினக்ஸில் வழியில்லை. ஹேஷ்ரேட் காரணமில்லாமல் ஏறி இறங்குகிறதே என்று பார்த்துத்தான் ஊகித்தார்கள். பலகையில் இல்லாத எண்ணை, இருக்கும் எண்ணின் தடுமாற்றத்தில் இருந்து படிக்கத் தெரிந்தவர்தான் நல்ல ஆபரேட்டர்.

நூறு ரிக் ஆயிரமாகும்போது பிரச்சினையின் முகமே மாறிவிடுகிறது. எஸ்9 பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று ஹேஷ்போர்டு, ஒவ்வொன்றிலும் 63 சிப். ஒரு போர்டு போனால் பெட்டி நிற்காது, 14 டெராஹேஷ் 9.3 ஆகிவிடும், அவ்வளவுதான். ஒற்றைப் பெட்டி வைத்திருப்பவர் கண்ணில் இது உடனே படும். ஆயிரம் பெட்டி ஓடும் கூடத்தின் மொத்த எண்ணில் இது தூசி. அதனால் பெரிய பலகைகள் மொத்தத்தைக் காட்டுவதில் நேரத்தை வீணாக்குவதில்லை. கோளாறு உள்ளவற்றை மட்டும் மேலே கொண்டுவந்து நிறுத்தும்.

சரி, 10.3.2.17 என்ற பெட்டியில் ஒரு போர்டு போய்விட்டது என்று பலகை சொல்கிறது. அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது? ஒரே மாதிரி ஆயிரம் பெட்டிகள், ஒரே மாதிரி இரைச்சல். இந்த இடத்தில்தான் தொழில்நுட்பம் கைத்தொழில் ஆகிறது. ஐபி முகவரியையே விலாசமாக எழுதிவிடுவார்கள்: மூன்றாம் வரிசை, இரண்டாம் தட்டு, பதினேழாம் இடம். புதிதாக மாட்டும்போது பெட்டியில் உள்ள 'ஐபி ரிப்போர்ட்' பொத்தானை அழுத்தினால், பெட்டி நெட்வொர்க்கில் தன் முகவரியைக் கத்திச் சொல்லும். மடிக்கணினியில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மென்பொருள் குறித்துக்கொள்ளும். பிறகு இடம் மாறிப்போனால் இன்னொரு வழி, பலகையில் இருந்து அந்தப் பெட்டியின் விளக்கை மட்டும் சிமிட்டவைப்பது. டெக்னீஷியன் காதில் மஃப் மாட்டிக்கொண்டு, சிமிட்டும் விளக்கைத் தேடி வரிசை வரிசையாக நடப்பார். எத்தனை கோடி முதலீடு என்றாலும் கடைசியில் ஸ்க்ரூடிரைவரோடு ஒருவர் நடந்துதான் ஆக வேண்டும்.

மொத்தமாகச் செய்யும் வேலைகளில் பதற்றமும் மொத்தமாகவே வரும். ஃபர்ம்வேர் (பெட்டிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பை ஆயிரம் பெட்டிக்கும் ஒரே சொடுக்கில் அனுப்பலாம். அதில் பிழை இருந்தால் ஆயிரமும் ஒரே நேரத்தில் செங்கல் மாதிரி உபயோகமற்றுப் போகும். எல்லாவற்றையும் ஒன்றாக ஆன் செய்தால் அந்த நொடியின் மின் இழுவையில் பிரேக்கர் விழும். அதனால் பத்துப் பெட்டியில் முதலில் போட்டுப் பார்த்து, பிறகு தொகுதி தொகுதியாக, இடைவெளி விட்டுத்தான் போவார்கள்.

இனி, முன்பு சொன்ன திருட்டுக் கதை. கிரிப்டோ திருட்டு என்றால் வாலட்டை உடைத்துப் பணம் எடுப்பது என்றுதான் நாம் நினைப்போம். மைனிங்கில் அவ்வளவு சிரமம் தேவையில்லை. இயந்திரம் உங்களுடையது, கரன்ட் பில் உங்களுடையது, சூடும் சத்தமும் உங்களுடையது. விளைச்சல் யாருக்கு என்பதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் ஒரே ஒரு வரி. அந்த வரியை மாற்றிவிட்டால் போதும். எதுவும் உடையாது, எந்த எச்சரிக்கையும் அடிக்காது, பலகையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

2017 நவம்பரில் இணையப் பாதுகாப்பு நிறுவனமான பிட்டிஃபெண்டர் இப்படி ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்தது. எத்ஓஎஸ் என்ற மைனிங் இயங்குதளம், பயனர் பெயர் எத்தோஸ், பாஸ்வேர்டு லைவ் என்ற இயல்பு அமைப்போடு வந்தது. பலர் அதை மாற்றவே இல்லை. ஒரு போட் (தானாக இயங்கும் நிரல்) இணையம் முழுக்க இந்த இரண்டு சொற்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போய், கதவு திறந்த இடத்தில் வாலட் முகவரியை மட்டும் மாற்றிவிட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

அடுத்த ஜனவரியில் இன்னும் நயமான ஒன்று. கிளேமோர் என்ற பிரபல எத்தீரியம் மைனர், தூர நிர்வாகத்துக்காக 3333 என்ற போர்ட்டைத் திறந்துவைத்திருந்தது, பாஸ்வேர்டு இல்லாமல். சடோரி என்ற போட்நெட்டின் (கைப்பற்றிய கருவிகளின் கூட்டம்) புதிய வகை அந்த போர்ட்டுகளைத் தேடி அலைந்ததைச் சீனாவின் நெட்லேப் 360 ஆய்வாளர்கள் பிடித்தார்கள். அது செய்தது மூன்றே காரியம். முதலில் நிலவரம் கேட்டது. பிறகு, ரீபூட்டின்போது ஓட வேண்டிய கோப்பைத் தன் பூலும் தன் வாலட்டும் எழுதிய கோப்பாக மாற்றி அனுப்பியது. கடைசியாக, ரீபூட் செய் என்றது. மூன்றும் உரிமையாளரின் பலகை தினமும் அனுப்பும் அதே கட்டளைகள். உடைத்து நுழையவே இல்லை. இத்தனைக்கும் அந்த மென்பொருளில் போர்ட் எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால், படிக்க மட்டுமே அனுமதி என்று ஆகிவிடும். ஒரு சின்னக் கோட்டை விட்டதுதான் குற்றம்.

இயந்திரத்தைத் தொடாமலே நடந்த களவும் இருக்கிறது. 2014 பிப்ரவரி முதல் மே வரை, கனடாவில் ஒரு இணைய சேவை நிறுவனத்தின் ரவுட்டருக்குள் இருந்து யாரோ அமேசான், டிஜிட்டல்ஓஷன், ஓவிஎச் உள்ளிட்ட நெட்வொர்க்குகளின் போக்குவரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். பூலோடு பேசிக்கொண்டிருந்த மைனர்களிடம் 'இந்த சர்வரை விட்டு அந்த சர்வரோடு சேர்' என்று ஒரு கட்டளை வந்தது. பூலுக்கும் மைனருக்கும் இடையே பேசும் ஸ்ட்ரேட்டம் மொழியில் அது முறையான கட்டளைதான். பூட்டு எதுவும் இல்லாத மொழி என்பதால் யார் சொன்னார்கள் என்று மைனருக்குத் தெரியாது. இயந்திரங்களுக்கு வேலை வந்துகொண்டே இருந்தது, ஓடிக்கொண்டே இருந்தன, கூலி மட்டும் வரவில்லை. இதைக் கண்டுபிடித்த பாதுகாப்பு நிறுவனமான டெல் செக்யூர்வொர்க்ஸின் கணக்குப்படி போனது ஏறக்குறைய 83,000 டாலர்.

இதற்கெல்லாம் நடைமுறையில் உதவும் சோதனை ஒன்றுதான், இரண்டு கணக்கையும் ஒப்பிடுவது. பலகை சொல்வது இயந்திரம் தானே அளந்து சொன்ன வேகம். பூலின் பக்கத்தில் தெரிவது, உங்கள் வாலட் பெயரில் வந்து சேர்ந்த விடைகளை எண்ணி அவர்கள் கணித்த வேகம். கேரள பம்பர் டிக்கெட்டைப் பத்துப் பேர் சேர்ந்து வாங்குகிறபோது, நான் இவ்வளவு கொடுத்தேன் என்று அவரவர் சொல்வதும் வசூலித்தவர் நோட்டில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது போல. பூல் கணக்கு அதிர்ஷ்டத்தைப் பொறுத்து ஏறி இறங்கும் என்பதால் ஒரு மணி நேரத்தைப் பார்த்துப் பதறக் கூடாது, ஒரு நாள் சராசரியைப் பார்க்க வேண்டும். மைனர் மென்பொருள் தன் கட்டணமாக ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு எடுத்துக்கொள்ளும், அதையும் கழிக்க வேண்டும். அதற்கு மேலும் நாள் கணக்கில் இடைவெளி இருந்தால், ஏதோ ஓர் இயந்திரம் வேறு யாருக்கோ உழைக்கிறது. தலைகீழாகவும் நடக்கும்: பலகையில் எல்லாமே ஆஃப்லைன், பூலிலோ விடைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அப்போது செத்தது பலகையின் சர்வர், ரிக்குகள் அல்ல. கண்டபடி ரீபூட் கட்டளை கொடுக்காமல் இருந்தால் போதும். 2022 ஜனவரியில் கஜகஸ்தானில் போராட்டங்களை அடக்க அரசு நாடு முழுதும் இன்டர்நெட்டைத் துண்டித்தபோது இரண்டு திரையும் ஒன்றாக இருண்டன. முந்தைய ஆண்டு சீனா மைனிங்கைத் தடை செய்ததும் ஏராளமான பெட்டிகள் எல்லை தாண்டி அங்கேதான் போயிருந்தன.

வெளியாள் கை வைப்பது ஒரு பக்கம். பெட்டியைச் செய்தவரே கை வைக்க முடிந்தால்? 2017 ஏப்ரலில் ஆன்ட்மைனர் ஃபர்ம்வேரில் ஒரு சங்கதி வெளியே வந்தது, 'ஆன்ட்பிளீட்' என்று பெயர் வைத்தார்கள். பெட்டி 1 முதல் 11 நிமிடத்துக்கு ஒரு தடவை உற்பத்தியாளரான பிட்மெய்னின் ஒரு முகவரியைக் கூப்பிட்டு, தன் வரிசை எண்ணையும் ஐபி முகவரியையும் ஒப்படைத்தது. மறுமுனையில் இருந்து 'ஃபால்ஸ்' என்று ஒரு சொல் வந்தால் மைனிங்கை நிறுத்திவிடும். உலகம் முழுதும் விற்ற பெட்டிகளுக்கு உரிமையாளர் அறியாத ஓர் அணைப்புப் பொத்தான். களவு போன பெட்டிகளை உரிமையாளர் நிறுத்த உதவுவதற்காகத் தொடங்கி, முடிக்காமல் விட்ட வசதி என்று பிட்மெய்ன் விளக்கம் சொல்லி, திருத்திய ஃபர்ம்வேரையும் வெளியிட்டது. ஐஸ்லாந்தை நினைத்தால் அந்த நோக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பெட்டி வாங்கியவரிடம் சொல்லாமல் வைத்ததற்கு நியாயம் கிடையாது. திருத்தம் வரும்வரை விவரம் தெரிந்தவர்கள் செய்த கைவைத்தியம் அழகானது: எந்தப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்து, அந்த முகவரியைப் பெட்டிக்கே திருப்பிவிட்டார்கள். அது தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டு கிடந்தது.

பலகையில் பெரிதாகப் பச்சையில் தெரியும் 'இன்றைய லாபம்' என்ற எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருமானத்தில் இருந்து நீங்கள் கொடுத்த யூனிட் விலைப்படி மின்செலவைக் கழித்துக் காட்டுவதுதான் அது. இந்தியாவில் இருப்பவருக்கு அது பொய் எண். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 விழுக்காடு வரி. மைனிங் உள்கட்டமைப்புக்கு ஆன செலவை அடக்க விலையாகக் கழிக்க முடியாது என்று நிதி அமைச்சகம் அந்த மார்ச்சிலேயே நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. பலகை கழிக்கிறதையெல்லாம் வரிக் கணக்கு கழிக்காது. அதோடு, 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் மைனிங்கையே கைவிட்டது. கிராபிக்ஸ் கார்டு ரிக்குகள் அன்றே எத்தீரியம் கிளாசிக், ரேவன்காயின் என்று வேறு நாணயங்களுக்குப் பாய்ந்தன. எல்லோரும் ஒரே கிணற்றில் வாளியை விட்டதால் பல இடங்களில் அந்தப் பச்சை எண் சிவப்பானது.

இப்போது மைனிங் பெரும்பாலும் பிட்காயின் கூடங்களின் கையில். அவற்றின் பலகை செய்யும் முக்கியமான வேலையும் மாறியிருக்கிறது. டெக்சாஸின் ராக்டேலில், மூடப்பட்ட அல்கோவா அலுமினிய ஆலை இருந்த இடத்தில், ரயட் என்ற பிட்காயின் மைனிங் நிறுவனத்தின் கூடம் இருக்கிறது. அலுமினியம் உருக்கப் போட்ட பெரிய மின்தடங்கள் அங்கே ஏற்கனவே இருந்தன. அந்த மாநிலத்தின் மின்கட்டமைப்பை நடத்தும் எர்காட், கோடை மாலைகளில் எல்லா வீட்டு ஏசியும் ஒன்றாக ஓடும்போது திணறும், சந்தையில் மின்விலை பல மடங்கு ஏறும். அப்போது, முன்கூட்டியே மலிவு விலைக்கு மின்சாரத்தை ஒப்பந்தம் போட்டு வைத்திருப்பவர் அதை உபயோகிக்காமல் திருப்பி விற்றால் லாபம். தேவைப்பட்டபோது சுமையைக் குறைக்கத் தயாராக இருப்பதற்கும் தனியாகக் காசு உண்டு. அலுமினிய உலையை நினைத்த நேரத்தில் அணைக்க முடியாது, உள்ளே உருகியது கட்டிப்பட்டுவிடும். மைனிங் பெட்டியை அணைத்தால் எதுவும் கெடாது. பாதியில் விட்ட கணக்கென்று அதற்கு ஒன்றுமே இல்லை. நிமிடக் கணக்கில் ஒரு நகரத்தின் சுமையை இறக்கிவைக்க முடிகிற தொழிற்சாலை வேறு அதிகம் கிடையாது. அதைச் செய்ய வைப்பது இந்தப் பலகைதான், மின்விலையைப் பார்த்துக்கொண்டே இருந்து, வரம்பு தாண்டியதும் வரிசை வரிசையாகப் பெட்டிகளைத் தூங்கப்போடுகிறது.

2023 ஆகஸ்ட் டெக்சாஸில் கொடும் வெயில். அந்த மாதம் ரயட் 333 பிட்காயின் எடுத்தது, அன்றைய விலையில் ஒரு கோடி டாலருக்கும் குறைவு. மின்சாரத்தை உபயோகிக்காமல் விட்டதற்காக வந்த வரவு 3 கோடியே 17 லட்சம் டாலர். அந்த மாலைகளில் ராக்டேல் திரையில் வரி வரியாக 0.00 வந்து நின்றபோது, ரீபூட் பொத்தான் பக்கம் யாரும் போகவில்லை.